முதல் வந்துவிட்டது, வட்டி?

ஜோகூர் பாருவில் இத்தனை காலம் வழக்காடியதில், நீதிமன்றத்துக்குப் போகாமலே தோற்ற வழக்கு ஒன்று உண்டு. கட்சிக்காரர் அரசாங்கத் துறையொன்றில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். மாதப் பென்ஷன் வரத் தொடங்கிவிட்டது. மொத்தமாகக் கிடைக்கவேண்டிய பணிக்கொடை மட்டும் ஏறக்குறைய இரண்டு ஆண்டாக வரவில்லை. சேவைப் பதிவேட்டில் ஏதோ ஒரு பதிவு விடுபட்டிருந்ததாம். கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது.

கணக்கு எளிதுதான். கடைசிச் சம்பளத்தில் 7.5 விழுக்காட்டைச் சேவை மாதங்களால் பெருக்கினால் பணிக்கொடை. சம்பளம் 3,000 ரிங்கிட், சேவை 360 மாதம் என்றால் 81,000 ரிங்கிட். நம் நீதிமன்றங்கள் வழக்கமாகப் போடும் 5 விழுக்காட்டில், அதற்கு ஆண்டு வட்டி 4,050 ரிங்கிட். ஓய்வு பெற்றவர் வீட்டில் அது சில மாதச் செலவு.

நான் நம்பியிருந்தது இந்திய உச்ச நீதிமன்றத்தின் பத்மநாபன் நாயர் தீர்ப்பு. கேரள அரசு ஊழியரான அவர் 1973 மே மாதம் ஓய்வு பெற்றார்; கடைசிச் சம்பளச் சான்றிதழைக் கருவூல அதிகாரி தராமல் இழுத்ததால், பணம் 1975 ஆகஸ்டில்தான் வந்தது. பென்ஷனும் பணிக்கொடையும் அரசு மனமிரங்கித் தருவதல்ல, ஊழியரின் சொத்து; ஓய்வு பெற்று இரண்டு மாதம் தாண்டினால் வட்டி தரவேண்டும் என்றது 1984 டிசம்பர் தீர்ப்பு. ஆனாலும் 12 விழுக்காடு கேட்டவருக்குக் கீழ் நீதிமன்றம் தந்த 6 விழுக்காடே நிலைத்தது. அதை எதிர்த்து அவர் உயர் நீதிமன்றத்தில் முறையிடாததால், கூட்டிக் கொடுக்க வழியில்லாமல் போயிற்று.

இந்தியத் தீர்ப்பு இங்கே வழிகாட்டும், கட்டுப்படுத்தாது. நம் 1980ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டத்தின் 3ஆம் பிரிவோ, எந்த அதிகாரிக்கும் பென்ஷன்மீது முழு உரிமை கிடையாது என்கிறது. அரசியலமைப்பின் 147ஆம் விதி, ஓய்வு பெற்றவருக்குப் பாதகமான மாற்றத்தைத் தடுக்கிறது. பின்னாளில், 2023 ஜூனில், அமினா அகமது வழக்கில் 2013ஆம் ஆண்டுப் பென்ஷன் திருத்தத்தின் பிரிவுகள் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னதும் அதை வைத்துத்தான். ஆனால் அந்த விதி காப்பது தொகையை. பணம் எந்தத் தேதிக்குள் வரவேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

மிஞ்சியது 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 11ஆம் பிரிவு. கடனை வசூலிக்கத் தொடுத்த வழக்கில், தீர்ப்பாகும் தொகையோடு வட்டியையும் சேர்க்க அது நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. அப்படியானால், தீர்ப்பு சொல்லும்போது முதல் தொகை பாக்கி இருந்தாகவேண்டும். என் நோட்டீஸ் போன சில வாரத்தில் முழுப் பணமும் அவர் கணக்கில் ஏறிவிட்டது. "தம்பி, முதல் வந்திருச்சு. வட்டிய எப்ப கேக்கலாம்?" என்றார் பெரியவர். "முதல் வந்ததாலதான் ஐயா வட்டி போச்சு" என்று விளக்க வெகுநேரம் ஆனது. வட்டிக்காக மட்டும் வழக்குப் போட்டால் செலவு மிஞ்சும் என்பதை அவரே கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டார்.

தனியார் முதலாளி சேமநிதிச் சந்தாவை மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டத் தவறினால், ஈவுத்தொகையையும் வட்டியையும் சேர்த்துக் கேட்கிறது நாட்டுச் சட்டம். தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்பது அரசாங்கத்துக்குத் தெரியாததல்ல. அந்த விலையைத் தன் ஊழியருக்கும் தர ஒப்புக்கொள்ளும்வரை, ஓய்வு பெறுவோருக்கு நான் சொல்வது இதுதான்: அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்க 36 மாதமே கெடு, பணம் வருமுன்பே மனுவைப் பதிவு செய்துவிடுங்கள். நயமாகக் கேட்டுக் காத்திருந்தவர் இழக்க, முந்திக்கொண்டு வழக்காடியவருக்கே பெற வாய்ப்பு இருக்கிறது. சண்டை வேண்டாம் என்று நினைப்பவரையும் சட்டமே சண்டைக்கு அனுப்புகிறது.