பரீட்சைக்குப் பின் பிரயோகம்

மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்கள், கணினிகளைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருப்போர்க்கு ஒரு தர்மசங்கடத்தையும் உடன் கொண்டுவருகின்றன. 2022 ஜனவரி 11 அன்று வெளியான விண்டோஸ் சர்வர் திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஊழியர் அனைவரின் கடவுச்சொல்லையும் சரிபார்த்து உள்ளே அனுமதிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள், பல ஸ்தாபனங்களில், அணைவதும் எழுவதும் எழுந்தபின் மறுபடி அணைவதுமாகத் தத்தளித்தன; பரிகாரமாக அவசரத் திருத்தம் வந்ததோ 17ஆம் தேதிதான்.

அதற்காகத் திருத்தமே வேண்டாமென்று ஒதுக்கிவைப்பதும் விவேகமாகாது. 2017 மார்ச்சில் வெளியான திருத்தத்தை நிறுவாமல் வாளாவிருந்த கணினிகளைத்தான், மே 12 அன்று பரவிய வன்னாக்ரை என்னும் தீநிரல் சூறையாடி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகளையே ஒத்திவைக்கச் செய்தது.

ஆகவே, நிஜ அமைப்பை ஒத்த சில கணினிகளில் முதலில் நிறுவி, அவை ஒழுங்காகத் துவங்குகின்றனவா, பிரின்டர் இயங்குகிறதா, எவரும் மாற்றத் துணியாத அந்தப் பழைய கணக்கு மென்பொருள் திறக்கிறதா என்றெல்லாம் சோதித்து, பின்னர் ஒரே ஒரு இலாகாவுக்கு மட்டும் வழங்கி, அதன் பிறகே அனைவர்க்கும் வழங்குவதுதான் என் அபிப்பிராயத்தில் உசிதமான மார்க்கம். இருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாவற்றிலும் ஒரே இரவில் கைவைப்பது (அப்படிச் செய்வோரை நான் அறிவேன்) சாகஸமேயன்றி நிர்வாகமன்று.

மேஜைக் கணினிகளில் மட்டும் பரீட்சித்துத் திருப்தியடைந்தோர்க்கு அந்த ஜனவரிக் கோளாறு தென்பட்டிருக்கவே முடியாது. நண்பர்களே, உங்கள் பரீட்சைக் கூடத்தில் ஒரு டொமைன் கன்ட்ரோலர் உண்டா என்று தயவுசெய்து இன்றே பாருங்கள்.