பதினாறையும் தனித்தனியே அளந்தீர்களா?

ஏஐ தரவு மையங்களின் ஒளி இணைப்புகளைப் பற்றிய எந்த விளக்கப் படத்தை எடுத்தாலும் நடுவில் பெரிதாக சிப் இருக்கும். மாடுலேட்டர், டிடெக்டர் எல்லாம் பெயரோடு வரிசையாக நிற்கும். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் 'ஒளி மூலம்' என்று எழுதியிருக்கும். லேசரோடு காலம் தள்ளியவர்களுக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே வயிறு எரியும். கடையில் வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்கிற நினைப்பு அதில் அப்படியே தெரிகிறது.

காம்ப் லேசரைப் பொறுத்தவரை அந்த நினைப்பு ரொம்பவே தப்பு. காம்ப் என்றால் சீப்பு: ஒரே சிப்பிலிருந்து, சீப்பின் பற்களைப் போலச் சம இடைவெளி விட்டு, எட்டோ பதினாறோ அலைநீளங்கள் வரவேண்டும். 1310 நானோமீட்டரில் 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி என்பது வெறும் 0.57 நானோமீட்டர். அதை முடிவு செய்வது லேசரின் நீளம், ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். படிகத்தைப் பிளக்கும்போது ஒரு மைக்ரான் பிசகினால் இடைவெளியில் கால் கிகாஹெர்ட்ஸ் போய்விடும். பதினாறாவது பல்லை எட்டுவதற்குள் அது கிட்டத்தட்ட 4 கிகாஹெர்ட்ஸாகச் சேர்ந்துவிடும். இதையெல்லாம்கூட சமாளித்துவிடலாம்.

பாடாய்ப் படுத்துவது இரைச்சல்தான்.

வழக்கமான குவாண்டம் கிணறு லேசரில் எல்லாப் பற்களும் ஒரே எலக்ட்ரான் இருப்பைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரே சட்டியில் கைவிட்டுச் சாப்பிடும் பிள்ளைகளில் ஒருவன் கூடுதலாக அள்ளினால் இன்னொருவனுக்குக் குறைவதைப் போலத்தான். மொத்த ஒளியை அளந்தால் லேசர் பரம சாதுவாக இருக்கும். ஃபில்டர் வைத்து ஒரு பல்லை மட்டும் பிரித்து டிடெக்டருக்கு அனுப்பினால், ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே திரையில் இரைச்சல் மேடு கட்டி நிற்கும். ஃபில்டரை எடுத்த அடுத்த நொடி மேடு காணாமல் போகும். முதல் தடவை பார்ப்பவர் கருவியில்தான் கோளாறு என்று கேபிளை மாற்றத் தொடங்குவார்.

விடை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. எலக்ட்ரானை மூன்று திசையிலும் அடைத்துப்போட்டால் லேசர் வெப்பத்துக்கு அசைந்து கொடுக்காது என்று 1982-இல் ஜப்பானின் அரக்காவாவும் சகாகியும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். காலியம் ஆர்சனைடின் மேல் இண்டியம் ஆர்சனைடை வளர்த்தால் படிக அளவில் 7 சதவீதம் பொருந்தாது. அந்த இறுக்கத்தில் அது தானாகவே, எலக்ட்ரானை அப்படி அடைத்துவைக்கும் குவாண்டம் புள்ளிகளாகத் திரளும். ஆனால் ஒரு புள்ளி போல இன்னொன்று இராது. படிகம் வளர்ப்பவர்கள் பல ஆண்டுகள் இதைக் குறையாக நினைத்து மல்லுக்கட்டினார்கள். காம்ப் லேசருக்கோ அந்தச் சீரின்மைதான் கைகொடுத்தது. வெவ்வேறு அளவுப் புள்ளிகள் வெவ்வேறு பற்களுக்கு ஊட்டுவதால் போட்டி வெகுவாகத் தணிந்தது. 2007-இல் ஜெர்மனியின் டார்ட்மண்டிலுள்ள இன்னோலூம் குழுவினர் தனியே பிரித்தெடுத்த பற்களில் நொடிக்கு 10 கிகாபிட் வீதம் பிழையில்லாமல் அனுப்பிக் காட்டினார்கள். 2019-இல் சாண்டா பார்பராவில் ஜான் பவர்ஸ் குழு, சிலிக்கான் மேலேயே வளர்த்த குவாண்டம் புள்ளி லேசரைக் கொண்டு நொடிக்கு 4.1 டெராபிட்டை எட்டியது.

பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் பரவியதும் அங்கிருந்துதான். இப்போது வேலைக்கு வரும் இளைஞர்கள் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் உச்சி தட்டையாகப் பதினாறு பற்கள் நின்றால் போதும், படமெடுத்து அறிக்கையில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கருவி மெதுவாக வருடிச் சராசரியைத்தான் காட்டும். நானோநொடியில் துடிப்பது அதில் தெரியவே தெரியாது. ஒளி உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகளில் தகவல் அனுப்பிய காலத்தில் கொஞ்சம் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பிஏஎம்-4 முறையில் நான்கு நிலைகள். இரண்டு நிலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

பதினாறையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, வெப்பநிலையை மாற்றி, மின்னோட்டத்தை ஏற்றி இறக்கி அளக்க நேரம் பிடிக்கும்தான். சில மில்லிஆம்பியர் கூடியதும் ஒரு பல் கெடும். பக்கத்துப் பல் நன்றாகவே இருக்கும். முதலில் காலை வாருவது பெரும்பாலும் ஓரப் பற்கள். அவற்றை விட்டுவிட்டு நடுப்பல்லை மட்டும் அளந்து அதையே எல்லாவற்றுக்குமான மதிப்பாகப் போடுவதை மூத்தவர்களால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. வாங்குபவர்களாவது கேட்கிறார்களா என்றால், அவர்கள் பார்ப்பது மொத்த ஒளித்திறனையும் விலையையும். இணைப்பில் பிழை கூடினால் முதலில் மாடுலேட்டரைக் கழற்றுவார்கள், அடுத்து ரிசீவரைக் கழற்றுவார்கள். லேசர்க்காரரிடம் பல்வாரியான கணக்கு கேட்டு ஆள் வருவதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும்.