ஆறடிப் பலகையில் நந்தி ஹால்ட்

பெங்களூர் ஹலசூரில் ஒரு சந்துக்குள் முதல் மாடி வீடு. கூடத்துச் சுவரில், நெஞ்சு உயரத்தில் ஒரு பலகை: ஆறடி நீளம், ஓரடி அகலம். அதன்மேல் நந்தி ஹால்ட் ரயில் நிலையம் பாதி எழுந்து நின்றது.

"எங்க வேணும்னாலும் தொடுங்க தம்பி, தண்டவாளத்தை மட்டும் தொடாதீங்க. விரல்ல இருக்கிற பிசுக்கு பட்டா கரண்டு பாயாது" என்றார் பெரியவர்.

எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய ஆலை அது. கடிகாரம் போய்விட்டது, கண்ணில் இடுக்கும் லென்ஸும் முனை மெலிந்த இடுக்கியும் மேசையில் இருக்கின்றன. என்னோடு பேசிக்கொண்டே, அரிசிமணியில் பாதி இருக்கும் ஒரு கப்ளிங் கொக்கியை வேகனில் மாட்டினார். விரல் நடுங்கவே இல்லை.

அவர் பிறந்தது கோலார் தங்கவயலில். சிறுவயதில் பங்காருப்பேட்டையில் குட்டி ரயில் ஏறி, கோலார் வழியாகச் சிக்கபள்ளாப்பூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவாராம். 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை. 1910-களில் துண்டு துண்டாகப் போடப்பட்டு, பங்காருப்பேட்டையிலிருந்து எலஹங்கா வரை நீண்டது. 1990-களில் அகலப்பாதை வேலை தொடங்கியபோது அந்தக் குட்டி ரயில் நின்றுபோனது. நந்தி ஹால்ட், தொட்டஜாலா போன்ற பழைய நிலையக் கட்டடங்கள் மட்டும் தங்கின.

இந்தப் பாதையைத் தேர்ந்ததற்குப் பாசம் மட்டுமே காரணம் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்துக் கணக்கைக் காட்டினார். மாதிரி ரயில் செய்பவர்களிடம் உலகெங்கும் அதிகம் புழங்குவது எச்.ஓ. என்னும் அளவு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ. வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான ரயில்கள் ஓடும் பாதை அது. நம் அகலப்பாதையோ 1,676 மி.மீ. அதை அதே அளவில் சுருக்கினால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வேண்டும். அப்படிப்பட்ட தண்டவாளம் கடையில் கிடைக்காது. அதனால் நம் ஊர் வண்டிகளைச் செய்கிறவர்களில் பலர், அகன்ற எஞ்சினை ஒடுங்கிய பாதையில் நிறுத்திவிட்டுச் சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

குறுகிய பாதைக்கு அந்தக் குறை கிடையாது. 'என்' (N) என்னும் அளவு ரயில்களுக்கென்று விற்கும் 9 மி.மீ. பாதையை 87-ஆல் பெருக்கினால் 783. நிஜமான 762-க்கும் அதற்கும் உள்ள வேற்றுமை, பலகையில் கால் மில்லிமீட்டர்தான். "அத்தை வீட்டு ரயிலுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு, பாருங்க" என்று நோட்டைத் தட்டினார். வெளிநாட்டு 'என்' அளவு எஞ்சினின் அடிப்பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி உடலைக் கட்டியிருக்கிறார்.

பலகையைச் செய்த ஆசாரியும் அன்று வந்திருந்தார். ஷிவாஜிநகரில் பட்டறை. அலமாரியும் கட்டிலும் செய்து பழகியவருக்கு இந்த வேலை முதலில் பிடிபடவில்லை. "அலமாரி ஒரு நூல் சாஞ்சா யாருக்கும் தெரியாது சார். இதுல கழட்டிவிட்ட வேகன் தானா உருண்டு போவுது" என்றார். முதல் பலகை மழைக்காலத்தில் வளைந்துவிட்டது. இரண்டாம் முறை 12 மி.மீ. பிளைவுட்டுக்கு அடியில் தேக்குச் சட்டங்களை ஏணி போலக் கோத்து, எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்து, ஓரடிக்கு ஓரிடத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கிறார். ஓடும் ரயிலைப் பார்க்கிறவர்கள் இந்த அடிவேலையைப் பார்ப்பதில்லை. எனக்கு அந்தச் சட்டங்களின் கோப்பு மிகவும் பிடித்துப்போய், கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன்.

கம்பி வேலை சுருக்கம். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கம்பியும் ஸ்விட்சும்; 12 வோல்ட் மின்சாரம். தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கம்பி வைத்து ஈயம் பற்றவைத்திருக்கிறார். இணைப்புத் தகட்டை மட்டும் நம்பினால் ஆறு மாதத்தில் துரு ஏறி வண்டி நின்றுவிடுமாம்.

ஜல்லி போடுவதுதான் நாளை விழுங்கும் வேலை. சலித்த கருங்கல் பொடியைக் கட்டைகளுக்கு நடுவே தூரிகையால் ஒதுக்கி, தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மேலேயே முத்து முத்தாக நிற்கும். ஒரு ஜாண் நீளத்துக்கு ஒரு மாலைப்பொழுது. காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நார், சருகுக்குக் காயவைத்த டீத்தூள். மண் மட்டும் நந்தி மலை அடிவாரத்திலிருந்தே வந்த செம்மண்.

மலையை எப்படிக் கொண்டுவருவது? நந்தி மலை கடல்மட்டத்திலிருந்து 1,478 மீட்டர். அடிவாரச் சமவெளிக்கு மேல் அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. 87-ஆல் வகுத்தாலும் ஆறு மீட்டர் வரும், கூரையைப் பிளந்துகொண்டு போகும். அதனால் மலை பின்சுவரில் வண்ணமாக, வெளிறிய நீலத்தில் இருக்கிறது. நூறு மீட்டர் நடைமேடை இந்த அளவில் 115 செ.மீ.; பலகையில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். எனவே நடைமேடையை 50 செ.மீ. ஆக்கினார். நிலையக் கட்டடத்தை மட்டும் குறைக்கவில்லை. எதைக் குறைப்பது, எதைத் தொடக்கூடாது என்று மூன்று மாதம் காகிதத்தில் வெட்டி வெட்டி வைத்துப் பார்த்திருக்கிறார். இந்தக் கலையின் உயிர் அந்த மூன்று மாதத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஆறடியில் ரயில் எங்கே போகும் என்று கேட்டேன்.

"போறதுக்கு இல்ல தம்பி. நிக்க வேண்டிய எடத்துல நிக்கறதுக்கு."

இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் என்னும் அமைப்பு அது. மூன்று பக்கப் பாதைகள்: ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டிலும் மும்மூன்று நிற்க இடம். எட்டு வேகன்களில் குலுக்கலில் விழும் ஐந்தை, விழுந்த வரிசையிலேயே கோத்து நிறுத்த வேண்டும். இழுத்துப் போகும் பாதையில் எஞ்சினோடு மூன்று வேகனுக்குத்தான் இடம். கோக்கக்கூடிய வரிசைகள் மொத்தம் 6,720.

எவர்சில்வர் டம்ளரில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி என்னிடம் நீட்டினார். நான்கு, ஒன்று, எட்டு. மூன்று வேகனையும் கோத்து முடிக்கவே எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. நான்காவதற்கு இடம் ஒதுக்க எஞ்சினைத் தள்ளியபோது, பாதை பிரியும் இரண்டாம் பாயிண்ட்டில் ஒரு வேகன் தடம் இறங்கியது. அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக் குனிந்தார். நாக்குத் தண்டவாளத்துக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரேயொரு ஜல்லிப் பொடி. இடுக்கியால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஆசாரியிடம் காட்டினார். ஆசாரி தம் பங்குக்கு ரசமட்டத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மட்டம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

பெரியவர் வேகனைத் தூக்கித் தடத்தில் வைத்து, டம்ளரை மறுபடி என் பக்கம் நகர்த்தினார். ஆறு வந்தது.

"ஆறா? அது மூணாவது லைன்ல கடைசியில நிக்குது. அவசரப்படாதீங்க, முதல்ல முன்னாடி நிக்கிற ரெண்டை எங்க வைக்கப்போறீங்கன்னு சொல்லுங்க."