பாப்பா பேரு ரேடியோவுல வந்துச்சா?

போன மாசம் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு 1938-ம் வருஷத்து அமெரிக்க ரேடியோ நாடகம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆர்சன் வெல்ஸின் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் நியூஜெர்சியில் வந்து இறங்கிவிட்டார்கள் என்று நிஜச் செய்தி மாதிரியே வாசிப்பார்களே, அதேதான். அக்டோபர் 30-ம் தேதி ராத்திரி அதை நம்பிப் பயந்தவர்கள் உண்டு. நாடே அலறியடித்து ஓடியது என்பதெல்லாம் மறுநாள் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியது என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. எண்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் குரல் தொண்டையைச் சரிசெய்துகொள்வது வரைக்கும் கேட்கிறதே, அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

லீவுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"அப்ப 1979-ல சிலோன் ரேடியோவுல வந்ததும் கெடைக்குமாடா?"

கொஞ்சம் கொசுவத்திச் சுருளைச் சுற்றிக்கொள்வோம் மக்களே.

எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்பேட்டையில் இருந்து சேலம் போகும் ரோட்டில் இருக்கிறது. 2019-ல் இருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம், அதற்கு முன்பு விழுப்புரம், 1993-க்கு முன்பு தென்னாற்காடு. தாத்தா இங்கே டெய்லர் கடை வைத்திருந்தார். கடையில் ஒரு மர்பி ரேடியோ. போட்டதும் பாடாது. உள்ளே வால்வு சூடாகும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். தாத்தா ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்கும் சிலோன் ஸ்டேஷன் வருவதற்கும் சரியாக இருக்குமாம்.

உள்ளூர் ஸ்டேஷன் இருக்கும்போது ஏன் கடல் தாண்டி சிலோன்? 1952-ல் கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது. இலங்கையில் அப்போதுதான் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பித்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் வைத்த சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி 1949-ல் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. சிப்பாய்களுக்காகக் கட்டியதில் நம் சினிமாப் பாட்டு வந்தது. இந்தியா முழுக்க முள்ளை அந்தப் பக்கம் திருப்பியது. இந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா என்றால் நமக்கு மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். 1957 அக்டோபர் 3-ல் டெல்லி சுதாரித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்கியது. ஆனாலும் டெய்லர் கடை முள் நகரவில்லை.

பாட்டுக்காக மட்டும் என்றால் நகர்ந்திருக்கும். ரெண்டு பாட்டுக்கு நடுவில் வருகிற பேச்சுக்காகத்தான் கேட்டோம் என்கிறார் பெரியப்பா. "நம்ம வாத்தியார்கூட அப்படித் தமிழ் பேச மாட்டாரு. ஆனா கேட்டா பக்கத்து வூட்டு அண்ணன் பேசுற மாதிரி இருக்கும்." அந்தப் பேச்சில் நம் பெயரும் வரலாம் என்பதுதான் பெரிய இழுப்பு. நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து என்று கடிதம் போட்டால் பெயரோடு ஊரையும் சேர்த்து வாசிப்பார்கள். எந்தப் பேப்பரிலும் வராத எலவனாசூர்கோட்டை இன்னொரு தேசத்துக்காரர் வாயில் வந்தால் எப்படி இருக்கும்!

1979-ல் பெரியப்பாவுக்குப் பதினைந்து வயசு. வீட்டில் கடைசி, அவருடைய தங்கச்சி. எனக்கு அத்தை முறை. நான் பார்த்ததில்லை. வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பாவுக்கு அஞ்சாவது பிறந்தநாள் வருகிறது என்று பெரியப்பா ரெண்டு மாசம் முன்னாடியே கொழும்புக்குக் கடிதம் எழுதிப் போட்டார். வாழ்த்துவோர் பட்டியலில் அப்பா, அம்மா, அண்ணன்கள், மாமா, அத்தை, கடையில் காஜா போடும் பையன் வரைக்கும் எழுதினாராம். :-)

பிறந்தநாள் அன்று கடை முன்னாடி பத்து பேர். ஆயா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றது. பெயர் வந்தது. தெருவே கைதட்டியது. தாத்தா எல்லோருக்கும் டீ சொன்னார். இதுதான் எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாகச் சொல்லப்படும் கதை.

பாப்பா எட்டு வயசில் காய்ச்சலில் போய்விட்டது. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. அதனால் ஆயாவுக்கு அந்தக் கதைதான் போட்டோ. யார் வந்தாலும் "எம் பொண்ணு பேரு ரேடியோவுல வந்துச்சு" என்று ஆரம்பித்துவிடும்.

சரி, தேடுவோம் என்று உட்கார்ந்தேன். முதலில் அமெரிக்காக்காரனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தேன். அவனும் ஆசைப்பட்டு எடுத்து வைக்கவில்லை. 1930-களில் அங்கே பெரிய நெட்வொர்க்குகளில் எல்லாமே நேரடி ஒலிபரப்பு. பதிவு பண்ணியதைப் போடவே மாட்டார்கள். கிழக்குக் கரைக்கு ஒரு தடவை, நேர வித்தியாசத்துக்காக மேற்குக் கரைக்கு இன்னொரு தடவை என்று ஒரே நாடகத்தை ரெண்டு முறை நடித்த காலம் அது. பிங் கிராஸ்பி என்ற பாடகர் இதில் சலித்துப்போய், பதிவு பண்ணித்தான் தருவேன் என்று 1946-ல் வேறு நெட்வொர்க்குக்கே மாறினார். ஆனாலும் விளம்பரம் கொடுத்த கம்பெனிக்குப் போட்டுக் காட்ட வேண்டும், போர் முனையில் இருக்கும் சிப்பாய்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக 16 அங்குலத் தட்டுகளில் பிடித்து வைத்தார்கள். போர்க் காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடித் தட்டில்கூடப் பிடித்தார்கள். பின்னாளில் ரேடியோ பைத்தியங்கள் அந்தத் தட்டுகளைத் தேடிப் பிடித்து டேப்பில் ஏற்றினார்கள், அப்புறம் இணையத்தில் ஏற்றினார்கள். அப்படியும் அங்கே தொலைந்தது ஏராளம்.

நம் கதையில் பாட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. கொழும்பு நிலையத்தின் இசைத்தட்டுக் களஞ்சியம் உலகம் அறிந்தது. 1979-ல் ஒலித்த பாட்டு எதைக் கேட்டாலும் இன்று யூடியூபில் இருக்கிறது. இல்லாதது நடுவில் வந்த பேச்சுதான். ஒரு பிறந்தநாள் வாழ்த்தை யார் டேப் போட்டு வைப்பார்கள்? டேப்பே விலை. பிபிசியே 'டாக்டர் ஹூ' டிவி தொடரை அழித்துவிட்டு இன்று தேடிக்கொண்டிருக்கிறது.

மூன்று வாரம் தேடினேன். கிடைத்தது சில துண்டுகள். கே.எஸ்.ராஜா 1989-ல் கொல்லப்பட்டார், அவர் குரல் இன்று நமக்குக் கேட்கிறது என்றால் யாரோ ஒரு நேயர் அன்றைக்கு ரேடியோ முன்னாடி டேப்ரிக்கார்டரை வைத்துப் பட்டனை அமுக்கியிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு துண்டில் அறிவிப்பாளர் பேசப் பேசப் பின்னால் ஒரு குழந்தை அழுகிறது, பாத்திரம் உருள்கிறது, ஒரு அம்மா "ஸ்ஸ்" என்று அதட்டுகிறார். எந்த ஊர், யார் வீடு என்று தெரியவில்லை. எனக்கு அந்த அறிவிப்பைவிட அந்தப் பாத்திரச் சத்தம்தான் 1979 மாதிரி இருந்தது.

பாப்பா பெயர் கிடைக்கவில்லை.

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "பரவால்ல வுடு" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. என்ன பெரியப்பா என்று கேட்டதும் மெதுவாகச் சொன்னார்.

"எலவனாசூர்கோட்டை, தென்னாற்காடு மாவட்டம்னு சொன்னது தெளிவா கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஸ்டேஷன் அப்படியே எறங்கிப் போச்சு. ஒரே கொர்ர்ருனு எரைச்சல். திரும்பி வந்தப்ப பாட்டு ஓடுது. எல்லாரும் என் மொகத்தையே பாக்குறாங்க. நான்தான் 'பாப்பா பேரு வந்துச்சு, வந்துச்சு'ன்னு குதிச்சேன். எல்லாரும் கைதட்டிட்டாங்க. அம்மா இருக்கிற வரைக்கும் சொல்ல முடியல."

ஆயா போய் ரெண்டு வருஷம் ஆகிறது.

சிற்றலை வான் மண்டலத்தில் மோதித் திரும்பி வருவது. அங்கே அடுக்குகள் அசைந்தால் குரல் ஏறும், இறங்கும். இதைப் பெரியப்பாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். கொழும்பில் அந்தப் பெயரை வாசித்திருப்பார்கள், நம் பெட்டிக்கு வந்து சேராமல் போயிருக்கும், நீங்கள் சொன்னது பொய் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் சிவன் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. யாரோ விளக்குக்குக் கொடுத்ததெல்லாம் ஆயிரம் வருஷம் நிற்கிறது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு பெயர் நிற்கவில்லை. அதனால் அன்று சாயங்காலம் போனை மேஜையில் வைத்து ரெக்கார்டிங் போட்டேன். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடிதத்தில் எழுதிய வாழ்த்தை அந்தக் காலத்து அறிவிப்பாளர் மாதிரியே சொன்னார். எல்லாப் பெயரும் ஞாபகம் இருந்தது, காஜா பையன் உட்பட. பாப்பா பெயர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் நன்றாகவே கேட்கிறது.

டிஸ்கி: உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் கிடந்தால் காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மேலே பாட்டின் பெயர் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. பாட்டுக்கு நடுவில் யார் பெயராவது இருக்கலாம்.