என் மாணவியிடம் நான் சொன்ன பொய்

எனக்குத் தியானம் வராது. ஆனால் தினமும் செய்கிறவள் போலவே பல வருடங்களாக மாணவிகளுக்கு அதைப் போதித்து வந்தேன். அதனால் ஒரு பெண்ணின் மனம் நொந்தது. அதை இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

பிளஸ் டூ வகுப்பாசிரியைக்குப் பொங்கல் முடிந்துவிட்டால் பாடம் நடத்துவதைவிடப் பயம் தெளிவிப்பதுதான் பெரிய வேலை. "படிச்சதெல்லாம் மறந்துபோகுது மிஸ், நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று யார் வந்து நின்றாலும் நான் சொன்னது ஒன்றுதான்: "காலையில கண்ணை மூடி உட்காரும்மா, மனசு தானா அடங்கும்."

திருப்புதல் தேர்வு நேரத்தில் ஒருத்தி திரும்பி வந்தாள். "கண்ணை மூடினா இன்னும் பயமா இருக்கு மிஸ். மூச்சு முட்டுது" என்றாள். "நீ மனசு வெச்சு செய்யல. ஒழுங்கா உட்காரு, வரும்" என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு தன் பயத்தைப் பற்றி அவள் என்னிடம் வாயே திறக்கவில்லை.

அவளுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடினால் வீட்டுக் கடன் தவணையும் மாமியாரின் மருந்துச் சீட்டும் திருத்தாத விடைத்தாள் கட்டும் வரிசைகட்டி வரும். எழுந்ததும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவேன். தன் மனத்தையே அடக்கத் தெரியாதவள் என்று ஆசிரியர் அறையில் பேர் வாங்கக் கூடாதே என்பதற்காக மறைத்தேன். என் வெட்கத்தை அந்தப் பெண்ணின் தலையில் குற்றமாகச் சுமத்தினேன்.

பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, இது புதிய விஷயமே இல்லை. அமைதியடைய முயலும்போதே சிலருக்குப் பதற்றம் கூடுவதை ஹைடு, போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1983-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் அவளிடம் அவ்வளவு உறுதியாகப் பேசினேன்.

எனக்குக் கைகொடுத்தது எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவரின் வழி. பதற்றம் தசைகளில் இறுக்கமாகத் தங்குகிறது, தசை தளர்ந்தால் மனமும் தளரும் என்று கண்டவர் அவர். 1929-ல் அதைப் புத்தகமாகவே எழுதினார். செய்வது எளிது. வலது கையை இறுக்கி மூடி ஐந்து விநாடி வைத்திருந்து, சட்டென்று விட வேண்டும். விட்டதும் விரல்களில் ரத்தம் ஓடும் கதகதப்பைக் கவனிக்க வேண்டும். அடுத்து இடது கை, பிறகு காது வரை தூக்கி இறக்கும் தோள்கள், தாடை, வயிறு, கெண்டைக்கால். கண்ணை மூட வேண்டியதில்லை. மனத்தை நிறுத்தவும் வேண்டியதில்லை. முதல்முறை செய்தபோதுதான் நாள் முழுக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

பயம் வந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து, ஓடவோ சண்டை போடவோ தயாராகிறது. அந்த நேரத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார் என்றால் எப்படி முடியும்? அதனால் பள்ளி விட்டதும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வேகமாக நடக்கிறேன். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக விடுகிறேன். அப்படி விடும்போது இதயத் துடிப்பு தணியும். ராத்திரி முருங்கைக்கீரையை மடியில் போட்டு உருவுகிறேன். கை வேலையில் இருக்கையில் கடன் தவணை நினைவுக்கு வந்தாலும் என்னை உலுக்குவதில்லை.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அவள் படித்து முடித்துப் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. தேடிப்போய்க் கேட்கும் துணிவு இன்னும் வரவில்லை. அந்தக் கடன் பாக்கி இருக்கிறது.

இப்போது வகுப்பில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "எனக்குத் தியானம் வராது. வருகிறவர்கள் செய்யுங்கள், நல்லது. வராதவர்கள் என்னோடு வாருங்கள்." கையை மூடித் திறக்கக் கற்றுக்கொடுக்கிறேன், மைதானத்தைச் சுற்றி நடக்க வைக்கிறேன். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போகிற அளவுக்குப் பயந்தவளைப் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்புகிறேன். அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ எல்லோருடைய நோட்டிலும் எழுத வைக்கிறேன்.

சக ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "எனக்கு வரலை" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், "இன்னும் முயற்சி பண்ணு" என்று சொல்லிவிடாதீர்கள். அவளைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடங்கள், அவள் சொல்வதைக் கேளுங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.