முழுக்கைச் சட்டை இருக்கா, அண்ணாச்சி?

மாச வாடகைக்கு ஒரு கார் ஷெட் எடுத்திருக்கிறேன். என்னிடம் கார் கிடையாது. ஷெட்டுக்குள் இருப்பது துணி. ஓடு வரைக்கும் துணி!

எல்லாம் 2023 டிசம்பர் மழை செய்த வேலை. 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ‘ஆஹா, மழை!’ என்று பஜ்ஜி போடச் சொல்லி உட்கார்ந்தவன் நான். மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் ஜில்லென்று முழங்கால் தண்ணீர். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். வருஷம் முழுக்கப் பெய்யவேண்டிய மழைக்கும் மேலே!

எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்ததும் ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர் கூடினோம். (துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம்.) ‘உடுத்த துணியில்லாமல் ஜனங்கள் நிற்கிறார்கள், பழைய துணி கொடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டோம். மூன்றே நாளில் எண்பது மூட்டை! தர்மம் தலைகாக்கும் என்பார்கள். எங்களுக்குத் தலைக்கு மேலேயே வந்துவிட்டது.

பிரித்துப் பார்த்தால்... ஸ்வெட்டர் (தூத்துக்குடிக்கு!), யாரோ மாப்பிள்ளை போட்ட கோட், எல்.கே.ஜி. ஆண்டு விழா பட்டாம்பூச்சி இறக்கை, ஜிப் இல்லாத பேன்ட், பல ஜன்னல்கள் வைத்த பனியன். நேரம் இல்லை என்று அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அங்கே வரிசையில் நின்ற ஒரு அம்மா, கையில் கிடைத்த நைட்டியை விரித்துப் பார்த்தார். முதுகுப் பக்கம் நீளமாகக் கிழிசல். சத்தம் போடவில்லை. மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“தம்பி, வெள்ளத்துல நாங்க துணியத்தான் தொலைச்சோம். வெக்கத்தத் தொலைக்கல.”

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, சார். சின்ன வயசில் சித்தப்பா மகன் போட்டுக் கழித்த சட்டையோடு பள்ளிக்கூடம் போனவன் நான். பாக்கெட்டில் அவன் இனிஷியல் தைத்திருக்கும். அதைப் பையன்கள் படித்துச் சிரித்தது எனக்கு மட்டும் மறந்து போகலாமா?

முடிவு செய்தோம். இனிமேல் தரம் பிரித்து, துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டுத்தான் கொடுப்பது. சொல்வது சுலபம். ஷெட் வாடகை, சலவை, ஆட்டோ, தையல் அக்காவுக்குக் கூலி... துணிக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான்! ஒரு பெரிய மனிதரிடம் போய்த் தலையைச் சொறிந்தோம். “பணமா? இன்னும் ரெண்டு மூட்டை துணி வேணா தாரேன்” என்றார். ஓடி வந்துவிட்டோம்.

அடுத்து ஒரு கம்பெனி அதிகாரி. நல்ல மனுஷர். டீ கொடுத்துச் சட்டத்தை விளக்கினார். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். “அப்போ எங்களுக்கு?” என்று வாயைப் பிளந்தோம். “டிரஸ்ட்டாகப் பதிவு செய்தீர்களா? வருமான வரிப் பதிவு? சி.எஸ்.ஆர்.-1 பாரம்? இதே வேலையில் மூன்று வருஷ அனுபவம்?” எங்களிடம் இருந்ததெல்லாம் மூன்று வார அனுபவமும் கொஞ்சம் இடுப்பு வலியும்தான். டீக்கு நன்றி சொல்லி எழுந்தோம்.

அப்போதுதான் டெல்லி ‘கூஞ்ச்’ அமைப்பைப் பற்றிப் படித்தேன். 1999-ல் அன்ஷு குப்தா என்பவர் வீட்டிலிருந்த 67 துணிகளோடு ஆரம்பித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் லாரி லாரியாக வந்து, யாரும் தொடாமல் தெருவோரம் கிடந்த துணிகளை அள்ளித் தரம் பிரித்தவர்கள். உடுத்த முடியாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, ஏழைப் பெண்களின் மாதாந்திரத் தேவைக்கு நாப்கினாக்குகிறார்கள். கிராமத்தில் ஜனங்கள் கிணறு வெட்டுவார்கள், பாதை போடுவார்கள். அதற்குப் பரிசாகத்தான் துணி. பிச்சை என்ற பேச்சே இல்லை. 2015-ல் அவருக்கு மகசேசே விருது. 67 துணியிலிருந்து விருது. எண்பது மூட்டை வைத்துக்கொண்டு நாங்கள் அழுதுகொண்டிருக்கிறோம்!

எங்கள் முதல் நிதி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு சட்டைப் பாக்கெட்டிலிருந்து! மடித்த ஐம்பது ரூபாய் நோட்டு. கொடுத்தவரைத் தேடிப் போய் நீட்டினோம். “நீங்களே வெச்சுக்கிடுங்க” என்றவர், கூட இருநூறைச் சேர்த்துக் கொடுத்தார். கணக்கு நோட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரி அதுதான்.

இரண்டாவது வழியைக் காட்டியவர் ஒரு ஒர்க் ஷாப் மேஸ்திரி. கிழிந்த பருத்தித் துணியைப் பார்த்து, “இதையேன் குப்பையில போடுதீய? கிரீஸ் துடைக்க நாங்க காசு கொடுத்துல்லா வேஸ்ட் துணி வாங்குதோம்” என்றார். அடடா! பட்டனைக் கழற்றி, தையலைப் பிரித்து, கிலோ கணக்கில் எடை போட்டோம். அந்த ஜன்னல் பனியன்கள்தான் இன்று ஷெட் வாடகை கட்டுகின்றன!

மூன்றாவது, ஆபீஸ் டீ. மாசம் ஐம்பது ரூபாய், நாற்பது பேர். யாருக்கும் வலிக்காது. மாசக் கடைசியில் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவேன். கணக்கு ஒட்டிய பிறகு ஒருவர்கூடச் சந்தாவை நிறுத்தவில்லை.

இவ்வளவும் செய்து, ஒன்றை மட்டும் கோட்டை விட்டிருந்தோம். வாங்குகிறவர்களிடம் ‘என்ன வேண்டும்?’ என்று கேட்கவே இல்லை! ஒருநாள் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களிடம் கேட்டேன். சேலை கேட்பார்கள் என்று நினைத்தேன். “ஆம்பளைங்க முழுக்கைச் சட்டை இருக்கா, அண்ணாச்சி?” என்றார்கள்.

பாத்தியில் வெயில் மேலே இருந்து மட்டும் அடிக்காது. வெள்ளை உப்பில் பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். சேலைக்கு மேலே சட்டை போட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டால்தான் நிற்க முடியும். நாம் ஆபீஸுக்குப் போட்டுக் காலர் நைந்ததும் தூக்கிப் போடுகிற அதே சட்டை, அவர்களுக்குக் கவசம்!

அன்று என் பீரோவைத் திறந்தேன். முதல் இன்டர்வியூவுக்குப் போட்ட நீலக் கோடு சட்டை. மூன்றாவது பட்டன் தொலைந்து, அவசரத்துக்கு நானே கறுப்புப் பட்டன் தைத்தது. வேலை வாங்கிக் கொடுத்த சட்டை என்று மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. இஸ்திரி போட்டுக் கட்டில் வைத்தேன்.

போன மாசம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல் பக்கத்தில் ஒரு அம்மா, தலைச்சுமையோடு. நீலக் கோடு. மூன்றாவது பட்டன் கறுப்பு. பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய சட்டை மாதிரியே தெரியவில்லை, சார். அவங்க சட்டை மாதிரி இருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஷெட் இருக்கும். துணி கொடுக்கும்போது துவைத்துக் கொடுங்கள். நாமே உடுத்துவோமா என்று ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள். சட்டைப் பாக்கெட்டில் மறந்து வைத்த ரூபாய் நோட்டு ஏதாவது தட்டுப்பட்டால்...

தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்!