ஷேர்கானுக்கு அப்பத்தா கொடுத்த குரல்

கன்னிவாடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு செல்போன் சர்வீஸ் கடை. சார்ஜர், இயர்போன், டெம்பர்டு கிளாஸ் விலைகளுக்கு நடுவே கடைக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இடுப்பில் துண்டுத் துணி, கையில் பூமராங், பக்கத்தில் ஓநாய்கள். நருட்டோ, லூஃபி படம் போட்ட பேக் கவர் கேட்டு வரும் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, “இது யாருண்ணே?” என்று கேட்பார்கள்.

“உங்களுக்கு நருட்டோ மாதிரி எனக்கு இவன்” என்பார் கடைக்காரர்.

அவருக்கு இப்போது வயது 41. அனிமே என்ற வார்த்தையை முதன்முதலில் கேள்விப்பட்டபோது அவருக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஆனால், அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே அவர் ஓர் அனிமே ரசிகர். அது அவருக்கே தெரியாது, அவ்வளவுதான்.

மலையைப் பார்த்த ஆன்டெனா

1993. அவர் அப்போது நான்காம் வகுப்பு. தெருவுக்கே ஒரே டிவி, வாத்தியார் வீட்டு டயனோரா. கறுப்பு வெள்ளை. கொடைக்கானல் டவரிலிருந்து வரும் தூர்தர்ஷனைப் பிடிக்க, மொட்டை மாடியில் ஆன்டெனாவை மலைப் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். காற்றடித்தால் படம் ஆடும். காக்கா உட்கார்ந்தால் புள்ளி புள்ளியாகிவிடும். மாடியில் ஒருவன், ஜன்னலில் ஒருவன், டிவி முன்னால் ஒருவன் என்று மூன்று பேர் நின்று, “வந்துருச்சா?” “இன்னும் வரல” என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘ஜங்கிள் புக்’ வரும். அந்தப் பாட்டின் முதல் இசை கேட்டதும், குளித்துக்கொண்டிருந்த பையன்கள்கூடத் தலையில் சீயக்காயோடு ஓடி வந்து உட்காருவார்கள். 90ஸ் கிட்ஸ் பலருக்கு அந்த ஞாயிறு இன்னும் நினைவிருக்கும்.

ஒரே சிக்கல், பேசுவது எல்லாமே இந்தி. தெருவில் ஒருவருக்கும் புரியாது. வாத்தியாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி இரண்டு வாரம் மொழிபெயர்த்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

திட்ட வந்தவர் கதை சொன்னார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரனைத் தேடிக்கொண்டு அப்பத்தா வந்தார். ஆடுகளை மலையடிவாரத்துக்கு ஓட்டிப் போக வேண்டிய நேரம். கையில் தொரட்டிக் கம்பு. “இங்கன உக்காந்து என்னத்த வாயப் பொளந்து பாக்குற?” என்று ஆரம்பித்தவர், திரையில் ஓநாய்க் கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏய்... செந்நாயி!”

அது ஓநாய் என்று வாத்தியார் உள்ளேயிருந்து திருத்தினார். அப்பத்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழநி மலைக்காட்டை ஒட்டி வாழ்ந்தவருக்குக் கூட்டமாக வருவது செந்நாய்தான். நிலைப்படியில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு, தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

“அந்தப் பொட்ட செந்நாயி என்ன சொல்லுதுன்னா, இவனும் என் குட்டிதான், எவனும் கை வைக்கக் கூடாதுங்குது.”

பிள்ளைகள் டிவியிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் முதல் அப்பத்தாவுக்கு நிலைப்படியில் தனி இடம். கரடி பாலு பேசினால் தாய்மாமன் குரல். பகீரா பேசினால், அளந்து பேசும் ஊர்ப் பெரிய மனிதர் குரல். மலைப்பாம்பு கா பேசினால், வட்டிக்குக் கொடுத்தவர் குரல். மௌக்லியோடு சுற்றும் சிவப்புப் பாண்டாக் குட்டியை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. “இது நம்ம மலையில இல்லாத சாதி. கீரிக்கும் மரநாய்க்கும் பொறந்திருக்கும்” என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த வருடம்தான் அவர் பட்டியிலிருந்து இரண்டு வெள்ளாடுகளைச் சிறுத்தை தூக்கிப்போனது. அவை தீபாவளிக்கு விற்க வைத்திருந்த ஆடுகள். பேரனுக்குப் புதுச்சட்டை கிடைக்கவில்லை. அதனால் ஷேர்கான் திரையில் வந்து பாறைமேல் நின்று உறுமியபோது, அப்பத்தா என்ன சொல்லப்போகிறார் என்று பையன்கள் காத்திருந்தார்கள். சாபம் விடுவார் என்று நினைத்தார்கள்.

அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இவனுக்குக் கால் சரியில்ல போல. மானை வெரட்டிப் புடிக்க ஏலாதவன்தான் ஊருக்குள்ள வருவான். வாயில வீரம் பேசுறான், வயித்துல பசி.”

ஜப்பானில் இருந்து வந்த மௌக்லி

தொடர் முடிந்தது. கேபிள் வந்தது. 2007-இல் சுட்டி டிவி வந்தபோது அவர் வேலை தேடிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து அப்பத்தா இறந்துபோனார். ஒரு போட்டோ இருக்கிறது, ரேஷன் கார்டுக்கு எடுத்தது. குரல் எதிலும் பதிவாகவில்லை.

2016-இல் ஜான் ஃபாவ்ரூ இயக்கிய ‘தி ஜங்கிள் புக்’ வெளியானது. இந்திப் பதிப்புக்காக குல்சார் எழுதி, விஷால் பரத்வாஜ் இசையமைத்த அந்தப் பழைய பாட்டை மறுபடி கொண்டுவந்தார்கள். தூர்தர்ஷனில் ஷேர்கானுக்குக் குரல் கொடுத்த நானா படேகரே இதிலும் கொடுத்தார். வாட்ஸ்அப்பில் பாட்டு சுற்றி வந்தது. கடையில் உட்கார்ந்து போனில் தேடியவர் ஆடிப்போனார்.

அவர் பார்த்த மௌக்லி ஜப்பான்காரன். நிப்பான் அனிமேஷன் தயாரித்து, 1989 முதல் 1990 வரை டிவி டோக்கியோவில் 52 அத்தியாயங்களாக வந்த தொடர் அது. ஹயாவோ மியாசாகி 1978-இல் ‘ஃபியூச்சர் பாய் கோனன்’ இயக்கியது இதே நிறுவனத்துக்காகத்தான். மத்தியப் பிரதேசத்து சிவனி காட்டுக் கதையை, பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் ஆங்கிலத்தில் எழுத, ஜப்பானியர்கள் வரைய, குல்சார் பாட்டெழுத, கன்னிவாடியில் ஆடு மேய்த்த ஒரு பாட்டி அதைத் தமிழில் சொல்லியிருக்கிறார்.

அன்றிரவு பழைய இந்தி அத்தியாயங்களைத் தேடிப் பார்த்தார். ஷேர்கான் உடம்பு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. இருபத்து மூன்று வருடங்களாக அவர் மனதில் அவன் சாம்பல் நிறம்.

மறுநாள், ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு ஜார்கண்ட் இளைஞரிடம் ஒரு காட்சியைக் காட்டினார். பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்பவர், தமிழ் நன்றாகவே பேசுவார். பாறைமேல் நின்று ஷேர்கான் பேசும் காட்சி அது. “என்ன சொல்றான் தம்பி?”

“மிரட்டுறான் அண்ணே.”

“பசின்னு ஏதாச்சும்? கால் வலின்னு?”

“இல்லண்ணே. சும்மா மிரட்டுறான்.”

சிரித்துவிட்டு ரீசார்ஜ் செய்துகொடுத்தார். ஆனால், அன்று முழுக்க மனசு சரியில்லை. தான் இத்தனை வருடம் சுமந்த கதை திரையில் இல்லவே இல்லை. அதைத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆளும் இல்லை.

மகள் கண்டுபிடித்த வரி

அனிமே மேல் அவருக்கு வெறி பிடித்தது அதற்குப் பிறகுதான். 2020-இல் ஸ்டுடியோ கிப்லி படங்கள் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தன. அடுத்து லாக்டௌன். கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்த நாள்களில் மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோனோகே’ பார்த்தார். 1997-இல் வந்த படம். அதிலும் ஓநாய் வளர்த்த பிள்ளை, இந்த முறை ஒரு பெண். காட்டை வெட்டி இரும்பு உருக்கும் தலைவிதான் வில்லி என்று நினைத்தால், அவள்தான் தொழுநோயாளிகளுக்கும் விலைக்கு விற்கப்பட்ட பெண்களுக்கும் வேலையும் சோறும் கொடுக்கிறாள். யார் பக்கம் நிற்பது என்று படம் கடைசிவரை சொல்லவில்லை. அவர் அதை மூன்று முறை பார்த்தார்.

அவர் மகள் தமிழ் ஷின்சானிலும் டோரேமானிலும் வளர்ந்தவள். 2022-இல் சோனி யாய் சேனலில் நருட்டோ தமிழ் பேசியபோது வீட்டில் ரிமோட் அவள் கையில். இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் பள்ளி நூலகத்திலிருந்து கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ எடுத்து வந்தாள். 1894-இல் வெளியான புத்தகம். படுத்துக்கொண்டே படித்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, ஷேர்கானுக்குப் பிறந்ததுல இருந்தே ஒரு கால் நொண்டியாம். அதனாலதான் மாட்டை மட்டும் அடிக்கிறான்னு அம்மா ஓநாய் சொல்லுது.”

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அப்பத்தாவுக்குக் கைநாட்டுத்தான். கிப்ளிங்கைப் படித்திருக்க முடியாது. ஆனால், ஆட்டைத் தூக்கிப்போகும் மிருகம் ஏன் ஊருக்குள் வருகிறது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. இந்தி வசனத்தில் இல்லாத ஒன்றை, நிலைப்படியில் உட்கார்ந்திருந்த கிழவி சரியாகச் சொல்லியிருக்கிறார்.

2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்’ தமிழிலும் வெளியானது. மதுரைக்குப் போய் அப்பாவும் மகளும் பார்த்தார்கள். அகாசா என்ற கொடூரமான அரக்கன் மனிதனாக இருந்தபோது என்னவெல்லாம் இழந்தான் என்று படம் காட்டியபோது, மகள் அழுதுவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில், “அவன் எத்தனை பேரைக் கொன்னிருக்கான், அவனுக்குப் போய் நான் ஏம்ப்பா அழுதேன்?” என்று கேட்டாள். அவர் ஷேர்கான் கதையை மறுபடி சொன்னார். அப்பத்தா குரலிலேயே.

தோப்பில் ஒரு காலை

கடை தவிர, மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது. கன்னிவாடி வனச்சரகத்தை ஒட்டிய தோட்டங்களுக்கு யானைகள் வருவது புதிதல்ல. காட்டுமாடும் பன்றியும் வரும். சமீபத்தில் ஒரு ராத்திரி யானைக் கூட்டம் அவர் தோப்பில் இறங்கியது. விடிந்ததும் அப்பாவும் மகளும் போய்ப் பார்த்தார்கள். நான்கு வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பதினொரு கன்றுகள் குருத்தோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தன. சொட்டுநீர்க் குழாய் நார் நாராகக் கிழிந்திருந்தது.

இழப்பீட்டு மனுவுக்காக ஒவ்வொரு கன்றையும் போட்டோ எடுத்தார். கை நடுங்கியதில் இரண்டு போட்டோ தெளிவாக வரவில்லை, மறுபடி எடுத்தார். யானையை, காட்டை, தன் தலையெழுத்தை என எல்லாவற்றையும் திட்டினார். மகள் ஒன்றும் பேசவில்லை. ஈர மண்ணில் பதிந்திருந்த ஒரு குட்டியானையின் கால் தடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டாள்: “பூட்டி இருந்திருந்தா இதுக்கு என்னப்பா சொல்லியிருப்பாங்க?”

அவர் கிழிந்த குழாயைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார்.

“மொதல்ல ஒரு மணி நேரம் நல்லா வைஞ்சிருக்கும்” என்றார். “அப்புறம்தான் அது என்ன பேசுதுன்னு சொல்லியிருக்கும்.”